உறையும் விளம்பரமும்

1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் இசைத்தட்டுக்கு ஜேமி ரெய்ட் செய்த உறையில் பாடகர் முகமே கிடையாது. மஞ்சள் தளம், ஆள் கடத்தியவன் அனுப்பும் கடிதம் மாதிரி, வெட்டி ஒட்டிய எழுத்தில் குழுவின் பெயர். இதைக் கலகப் பிரதியாக வாசிப்பது வழக்கம். எனக்கு அவ்வளவு சுலபமாகப் படவில்லை. சுவரொட்டியிலும் விளம்பரத்திலும் அதே எழுத்து திரும்பத் திரும்ப வரும்போது, கலகத்தின் கையெழுத்தே சரக்கின் முத்திரையாகிவிடுகிறது.

நாட்டிங்காமில் அதைக் காட்சிக்கு வைத்த கடை மேலாளர்மீது 1889ஆம் ஆண்டின் ஆபாச விளம்பரச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். வீட்டு அலமாரியில் உறை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் விளம்பரம். இடம்தான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது என்பது விமர்சகனுக்கு முன்னால் போலீஸ்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

தலைப்பிலிருந்த வசைச்சொல் பழைய ஆங்கிலத்தில் வழங்கியதுதான், பாதிரிமாரின் பட்டப்பெயராகவும் இருந்தது என்று ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி சாட்சி சொன்னார். லாபத்துக்காகச் செய்த மட்டமான காரியம் என்று திட்டிக்கொண்டே நீதிமன்றம் மேலாளரை விடுவித்தது. தமிழ் எம்.ஏ.க்காரனான எனக்கு இதில் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. சொற்பிறப்பியல் அந்தச் சொல்லுக்கு மரியாதை வாங்கித் தந்தது. கூடவே பல்லையும் பிடுங்கிவிட்டது. லாபக்கணக்கு நீதிமன்றத்தின் கண்ணில் பட்டதே, கலகம் பேசும் நம் கண்ணில் ஏன் படவில்லை?