'பால்வினை' என்னும் சொல்லும் சாத்தூர் நிகழ்வும்

எச்.ஐ.வி. தொற்றைப் 'பால்வினை நோய்' என்னும் வகைக்குள் வைத்துப் பேசுவது தமிழில் வழக்கம். 'வினை' என்பது செயலையும் அதன் பயனையும் ஒருங்கே சுட்டும் சொல். எனவே, நோயை நோயுற்றவரின் செயற்பயனாகக் காணும் பார்வை பெயரிலேயே அமைந்துவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் நிகழ்ந்த சாத்தூர் நிகழ்வு இப்பார்வையின் போதாமையைப் புலப்படுத்துகிறது.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த பெண் ஒருவருக்குக் குருதி ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனைக் குருதி வங்கியிலிருந்து வந்த அக்குருதியில் எச்.ஐ.வி. இருந்தது. குருதி அளித்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தம் நிலையை அறிந்ததும் தாமே முன்வந்து தெரிவித்தார். அதன் பின்னரே தவறு வெளிப்பட்டது. அம்மாத இறுதியில் அவர் தற்கொலையால் இறந்தார். அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது.

இங்கு ஆராயப்பட வேண்டியது பெண்ணின் நடத்தையன்று. குருதியைப் பரிசோதிக்கும் நிறுவனத்தின் நடத்தையே. எனினும், 'ஒரு தவறும் செய்யாத பெண்' என்னும் இரக்கச் சொல்லாடலும் ஐயத்திற்குரியது. பாலுறவு வழியாகத் தொற்றுற்ற பெண்களைத் தவறு செய்தோராக அது மறைமுகமாக வகைப்படுத்துகிறது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் ஆய்வு, இந்தியாவின் முதல் தொற்றுகளைப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் கண்டறிந்தது. சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டோர் அப்பெண்களே. ஆனால் 'பரப்புவோர்' என்ற பழியும் அவர்கள்மீதே படிந்தது. 'குற்றமற்றவர்', 'பரப்புவோர்' என்னும் இரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகள்.

மருந்து இவ்வேறுபாட்டை அறியாது. சிகிச்சையின்றேல் 15 முதல் 45 விழுக்காடு வரை உள்ள தாய்-சேய்த் தொற்று வாய்ப்பு, உரிய சிகிச்சையால் 5 விழுக்காட்டுக்கும் கீழே குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்க்குத் தொற்று எவ்வழியில் வந்தது என்பது இதில் பொருட்டன்று. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டமும் தொற்று வந்த வழியைக் கேளாமலே பாகுபாட்டைத் தடை செய்கிறது.

பாதுகாப்பான உறவு பற்றிய அறிவுரை தேவையன்று என்பது இதன் பொருளன்று. ஆனால், ஆணுறை அணிவதை ஆணே முடிவு செய்யும் குடும்பத்தில், அதனைப் பெண்ணின் பாலியல் நடத்தையாக அளப்பது பிழை. முடிவெடுக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதை முதலில் வினவாத ஆய்வு, பழைய 'வினை'யையே புதிய கலைச்சொல்லால் வழிமொழிகிறது.