குளவி வரும்வரை

2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளியைப் பிடித்த மாவுப்பூச்சி, வெகுவிரைவில் மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் தாவியது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பூச்சி அது. இங்கே அதற்கு எதிரி இல்லை. விவசாயிகள் மருந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். மெழுகுப்பூச்சு மருந்தை உடம்பில் படியவிடவில்லை. மடிந்தது, வயலிலிருந்த நன்மை செய்யும் பூச்சிகள்தான்.

2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி வந்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும். சில மாதங்களில் தாக்குதல் அடங்கியது. இம்முறையின் பெருஞ்சிறப்பு, குளவி தானே பெருகி அடுத்தவர் காட்டுக்கும் பறந்துபோவது. காசில்லாத விவசாயிக்கும் அதன் பயன் கிடைத்துவிடும்.

ஆனால், பூச்சியைச் சரியாக இனங்காணாமல் இதில் இறங்கவே கூடாது. சாயம் தரும் கொச்சினல் பூச்சி என்று நினைத்து 1795-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது வேறோர் இனம். எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. ஒருவகைக் கள்ளிதான் அழிந்தது. பிறகு கள்ளியை ஒழிக்கவே அதைப் பயன்படுத்தினார்கள். பயிரில் வாய் வைக்காதது நம் நல்லகாலம். ஆகவே இறக்குமதிக்கு முந்தைய சோதனைகளை அவசரப்படுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை.

எல்லா இடத்திலும் இது பலிப்பதும் இல்லை. பார்த்தீனியக் களையை ஒழிக்க 1980-களில் பெங்களூருவில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு மழைக்காலத்தில் இலைகளை மொட்டையடிக்கிறது. வறட்சியில் மண்ணுக்குள் உறங்கிவிடுகிறது. ஒரு செடி உதிர்க்கும் ஆயிரக்கணக்கான விதைகளோ மண்ணிலேயே காத்திருக்கின்றன.

இவற்றைவிட என்னை உறுத்துவது பூச்சி வந்ததற்கும் குளவி வருவதற்கும் இடைப்பட்ட காலம். 2020-ல் கேரளத்தில் தென்பட்ட, வேறோர் இனமான மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்தது. 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்த அனாகைரஸ் லோபேசி குளவியை பெனினிலிருந்து தருவித்து, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டது 2022 மார்ச்சில். முன்பும் இரண்டாண்டு, இப்போதும் ஏறத்தாழ இரண்டாண்டு. அந்த இடைவெளியில் விவசாயிக்கு வழிசொல்ல மருந்துக்கடை மட்டுமே திறந்திருக்கிறது. அங்கே வாங்கி அடித்த மருந்து, பிறகு வரும் குளவியையும் கொல்லும். மருந்தைக் கைவிடச் சொல்லும் வேளாண் துறை, குளவி பெருகும்வரை குறையும் விளைச்சலுக்கு ஈடு யார் தருவதென்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.