பந்துக்கு முன்பே போய் நிற்பவர்

2024 செப்டம்பர் 1, ஞாயிறு இரவு 11 மணிக்கு இங்கே மலேசியாவில் ஒளிபரப்பான லிவர்பூல் ஆட்டத்தின் முதல் பாதியை மன்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். யுனைடெட்டின் கேசமிரோ தன் பாதித் திடலிலேயே இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தார். இரண்டையும் லூயிஸ் டியாஸ் கோலாக்கினார். இடைவேளைக்குப் பின் கேசமிரோ திடலுக்குத் திரும்பவில்லை. அதே ஆண்டு மே மாதமே, கிரிஸ்டல் பேலஸிடம் 0-4 எனத் தோற்றபோது, உயர்மட்டக் காற்பந்தை அவர் விட்டுவிடலாம் என்று விமர்சகர் ஜேமி கேரகர் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். இவ்வளவு வசை வாங்கிய ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரர் மீண்டு வந்ததை ரசிக்க வேண்டுமானால், 32 வயதில் போன வேகம் 33-இல் திரும்பாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே நிற்பது, எப்போது நகராமலிருப்பது என்ற கணிப்புதான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையோ கிள்ளானில் வீட்டு வரவேற்பறையோ, திரையில் கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும். எதிரணியிடம் பந்து இருக்கும் நேரங்களில் மட்டுமாவது கேசமிரோ மீது கண்ணை வையுங்கள். அவருக்கும் பின்னாலுள்ள தற்காப்பு வரிசைக்கும் எவ்வளவு இடைவெளி? பந்து வருமுன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாரா? 2025 மே 1, பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் அரையிறுதியின் முதல் கோலை எடுத்துக்கொள்வோம். வலப்புற ஓரத்தில் சக ஆட்டக்காரர் மெகுவாயர் எதிராளியை ஏமாற்றிப் பந்தை உள்ளே அனுப்ப, அத்தனை பேரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். உகார்தே அதைத் தலையால் தட்டிவிட்டபோது தூரக் கம்பத்தருகே கேசமிரோ காவலின்றி நின்றிருந்தார். முட்டியது ஒரு நொடி வேலை. அங்கே போய் நின்றதுதான் ஆட்டம். அதற்கு இரண்டு வாரம் முன்பு லியோனுக்கு எதிரான காலிறுதியிலும் இதேதான். கூடுதல் நேரத்தில் அணி 2-4 எனப் பின்தங்கியபின், இங்கே வெள்ளி அதிகாலை ஐந்தரை மணியளவில், அவர் ஒரு பெனால்டி வாங்கித் தந்தார், மைனூவுக்குப் பந்து கொடுத்தார், 121-ஆவது நிமிடத்தில் மெகுவாயரின் தலையைத் தேடிப் பந்தைத் தூக்கிப் போட்டார். கால் ஓய்ந்துபோகும் நேரத்தில் மற்றவர்களைவிட அவர் தெளிவாக இருந்தார்.

அந்தப் பருவத்தில் யுனைடெட் லீக்கில் 15-ஆவது இடம், இறுதியாட்டத்திலும் டோட்டன்ஹாமிடம் தோல்வி. இதில் எங்கே மீட்சி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் ஆட்டக்காரரின் நிலையை லீக் பட்டியலைக் கொண்டு அளப்பது சரியல்ல. இறுதியாட்டம் முடிந்த சில நாள்களிலேயே, நீண்ட இடைவெளிக்குப் பின், அஞ்செலோட்டி அவரை பிரேசில் அணிக்கு அழைத்தார். ரியல் மட்ரிட்டில் கேசமிரோவைப் பக்கத்திலிருந்து பார்த்த பயிற்றுநர் அஞ்செலோட்டி. இன்னொரு மறுப்பு கனமானது: 2025 செப்டம்பரில் செல்சிக்கு எதிராகக் கோலடித்த கேசமிரோ, இடைவேளைக்கு முன்பே சிவப்பு அட்டை வாங்கினார். தன்னைக் கடந்து போனவரைப் பிடித்து இழுத்ததற்குத்தான் இரண்டாவது மஞ்சள் அட்டை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. துரத்தும் நிலைக்கு வந்துவிட்டால் இன்றும் அவர் தோற்பார். ஆகவே அவருடைய நல்ல ஆட்டம் என்பது துரத்த வேண்டிய அவசியமே வராதபடி பார்த்துக்கொள்வது. லிவர்பூல் ஆட்டத்தின் பிழைகள் அவருடையவைதான், அதையும் மழுப்ப வேண்டியதில்லை. இரண்டு பிழைகளை வைத்து ஒருவரின் காலமே முடிந்தது என்று தீர்ப்பெழுதியதுதான் அவசரம்.

தொலைக்காட்சியில் ஒரு குறை உண்டு: பந்தில்லாத பாதித் திடலைக் கேமரா பெரும்பாலும் காட்டுவதில்லை. அதற்கு மருந்து செராஸில் இருக்கிறது. அங்குள்ள கோலாலம்பூர் காற்பந்து அரங்கில் மேல் வரிசையில் உட்கார்ந்தால் திடல் முழுவதும் தெரியும். கோலாலம்பூர் சிட்டிக்குப் பல ஆண்டுகள் தற்காப்பு மத்தியத் திடலில் ஆடிய கென்னி பல்ராஜின் வேலையும் இதே வகைதான். மறுநாள் செய்தியில் பெயர் வராது. அங்கே கோல்காவலர் பந்தை உதைக்கக் காத்திருக்கும் நேரத்தில், அந்த இடத்தில் ஆடுபவர் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார், சக ஆட்டக்காரரைக் கையசைத்து எங்கே நகர்த்துகிறார் என்று கவனியுங்கள். பிறகு கேசமிரோ ஆடிய ஓர் ஆட்டத்தைத் திரையில் பாருங்கள். கேமரா காட்டாத பகுதியையும் உங்களால் ஊகிக்க முடியும்.