ஒரு பண்ணையும் 'நான்' என்னும் சொல்லும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வளமிழந்து பாழாய்க் கிடந்த பண்ணை நிலமொன்றை 1935-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினார் ஆல்டோ லியோபோல்டு. மாடிசன் நகரில் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவர். பண்ணையில் எஞ்சி நின்ற கட்டடம் ஒரு கோழிக்கொட்டில் மட்டுமே. அதைத் துப்புரவு செய்து, வார இறுதி நாட்களில் மனைவியும் ஐந்து மக்களுமாக அங்குச் சென்று தங்கினர். அவ்வாழ்க்கையிலிருந்து பிறந்த நூலே 'எ சேண்ட் கவுண்டி அல்மனாக்'. 1948 ஏப்ரலில் அண்டை நிலத்தில் பற்றிய தீயை அணைக்கச் சென்றவர் அங்கேயே மாரடைப்பால் காலமானார். நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

மாதத்திற்கு ஒன்றாக அமைந்த அதன் முதற் பகுதியில், வசந்தத்திற்கு முந்திய மாதங்களே சிறப்புடையன என்பது என் கருத்து. மாந்தளிரும் குயிலோசையுமாக இளவேனிலை அறிந்த நமக்கு, பனி உருகும் ஓசையில் அது தொடங்குவது புதுமை. ஜனவரியில், பனிக்கடியில் எலி வெட்டி வைத்திருந்த சுரங்கப் பாதை உருகலினால் கூரையிழக்கிறது. எலிக்கு அது பேரிடர். வானில் வட்டமிடும் பருந்துக்கோ விருந்து. வசந்தத்தை யார் பக்கம் நின்று வரவேற்பது என்ற வினாவை இத்தனை எளிமையாக எழுப்பிய எழுத்து அரிது.

பிப்ரவரியில் விறகு. இடி விழுந்து பட்டுப்போன ஓக் மரத்தை ரம்பம் கொண்டு அறுக்கிறார்கள். எண்பது வளையங்கள். ரம்பம் உள்ளே செல்லச் செல்லக் காலம் பின்னோக்கி ஓடுகிறது. முதலில் தம் காலம். அடுத்து, கள்ளச்சாராயம் காய்ச்சி, நிலத்தின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டு, வரியும் கட்டாமல் மறைந்துபோன முன்னைய உரிமையாளரின் காலம். இப்படியே 1865 வரை. அடுப்புக்கு விறகு வெட்டும் வேலை ஒரு நாட்டின் வரலாறாகவே விரிகிறது. மார்ச்சில் திரும்பி வரும் வாத்துகளைப் பற்றிய பகுதியும் இனியதே. ஆயினும் அங்கே ஆசிரியர் சற்றே அதிகமாக வியக்கிறார்.

குறையென்று நான் கருதுவது வேறொன்று. நூலின் பெரும்பகுதியில் 'நான்' என ஒருவரே நடக்கிறார், காண்கிறார், சிந்திக்கிறார். வசந்தந்தோறும் ஆயிரக்கணக்கில் பைன் கன்று நட்டது ஒரு குடும்பம். நட்டவற்றுள் பெரும்பாலானவை வறட்சியில் மடிந்த ஆண்டும் உண்டு. அக்குடும்பத்தின் முகங்கள் நூலில் தெளிவாக இல்லை. உலை வைத்தவர் யார், கன்றுக்கு நீர் சுமந்தவர் யார்? மரம் அறுக்கும் அத்தியாயத்தில் 'நாங்கள்' வருகிறது. ஓய்வுக்குக் குரல் கொடுக்கும் தலைமை அறுப்பாளருக்கோ அங்கும் பெயரில்லை. அந்த அத்தியாயம் உயிர்ப்புடன் விளங்குவதற்கு அந்த 'நாங்கள்' ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. தனிமை இலக்கியத்திற்கு அழகு தரலாம். ஆனால் ஒரு வீட்டின் உழைப்பை மறைத்துப் பெறும் அழகுக்கு விலை உண்டு.

இக்குறையை ஓரளவு தீர்த்தவர் இளைய மகள் எஸ்டெல்லா. பண்ணையை வாங்கியபோது எட்டு வயதுச் சிறுமியாய் இருந்தவர், அக்கொட்டில் வாழ்வின் நினைவுகளை 2016-இல் தனி நூலாக்கினார். மற்றொரு மகள் நீனா, மலர் விரியும் நாளையும் பறவை வரும் நாளையும் தந்தை குறித்து வைத்த வழக்கத்தைத் தொடர்ந்தார். வசந்தத்தின் அறிகுறிகள் பல முன்னைவிட விரைந்து வருவதை அக்குறிப்புகளைக் கொண்டே 1999-இல் உடன் ஆய்வாளர்களுடன் எடுத்துக்காட்டினார். தந்தையின் நூலைக் கையிலெடுப்போர் மகளின் நூலையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிப்ரவரி அத்தியாயத்திலிருந்து தொடங்குவது நலம்.