விருந்தும் வழக்கும்: ‘ஆட்டம்’ என்னும் மலையாளப் படம்

ஆட்டம் என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. கூத்தும் அதுவே, விளையாட்டும் அதுவே, நிலைகொள்ளாத் தடுமாற்றமும் அதுவே. ஆனந்த் ஏகர்ஷி எழுதி இயக்கி, 2024 சனவரியில் திரையரங்குகளுக்கு வந்த ‘ஆட்டம்’ இம்மூன்று பொருளுக்கும் இடந்தருகிறது.

பன்னிரண்டு ஆடவரும் அஞ்சலி என்னும் ஒரே பெண்ணும் கொண்டது ஒரு நாடகக் குழு. பிழைப்புக்கு ஆளுக்கொரு தொழில், நாடகம் ஆசைக்கு. திரைப்பட நடிகனான ஹரி வந்து சேர்ந்ததும், வினய் தாங்கிவந்த தலைமை வேடம் அவன் கைக்குப் போகிறது. நாடகம் முடிந்த ஓரிரவு, ஹரியின் வெளிநாட்டு நண்பர்கள் குழுவினர் எல்லோருக்கும் சொகுசு விடுதி ஒன்றில் விருந்தளிக்கின்றனர். மது, இசை, கொண்டாட்டம். அவ்விரவில் சன்னலோரம் உறங்கும் அஞ்சலியை வெளியிலிருந்து நீண்ட ஒரு கை தீண்டுகிறது.

விடுதியைப் படம் விரைவில் விட்டுவிடுகிறது. ஆயினும் விருந்து முடிந்தபாடில்லை. குழுவின் ஆடவர்கள் மூத்தவரான மதனின் இல்லத்தில் கூடி வழக்குப் பேசுகின்றனர். ஹரியே குற்றவாளி, அவனை விலக்குவோம் என்று முதலில் எளிதில் முடிவு கட்டுகின்றனர். அவ்வேளையில் அதே நண்பர்கள் ஐரோப்பாவில் நாடகம் நடத்த வாய்ப்பளிக்கும் செய்தி வருகிறது. அதன்பின் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐயம் பிறக்கிறது! அஞ்சலி நன்றாகப் பார்த்தாளா? சான்று உண்டா? வினய்க்குப் பழைய பகை இல்லையா?

இப்படத்தை 1957இல் வந்த ‘பன்னிரண்டு கோபக்காரர்கள்’ என்னும் அமெரிக்கப் படத்தோடு ஒப்பிடுவோர் பலர். ஆடவரின் எண்ணிக்கை ஒன்றே, அறை ஒன்றே என்பது சரி. ஆனால் அங்கே ஐயம் ஓர் இளைஞனின் உயிரைக் காக்கிறது. இங்கே அதே ஐயம் பயணச்சீட்டைக் காக்கிறது. இந்த வேற்றுமையே ஏகர்ஷியின் சாதனை எனலாம். பொல்லாதவர் என்று சுட்டத்தக்கவர் அக்கூட்டத்தில் அதிகமில்லை. இல்லாமையும் ஆசையும் உள்ள சாதாரண மனிதர்கள் அவர்கள். வாழ்நாளில் ஒருமுறை கதவு திறக்கிறது, அதற்குள் நுழைய ஒரு பெண்ணின் சொல்லைச் சற்றே நகர்த்தி வைத்தால் போதும்.

கேரள நாடகம் இப்படியே வாழ்ந்ததன்று. 1952இல் தோப்பில் பாஸியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’யைக் கே.பி.ஏ.சி. ஊர்ஊராக ஆடியபோது, உழவரும் தொழிலாளரும் திரளாக வந்து கண்டனர். விடுதி விருந்தாளியாகிவிட்ட கலைஞன் யாருக்கு முன் ஆடுகிறான் என்னும் கேள்வியைப் படம் வாய்விட்டுக் கேட்கவில்லை, காட்சியில் வைத்துவிடுகிறது. அதுவே நன்று.

நடிப்பு உயர்தரம். நாடக மேடையில் பழகியவர்கள் பலர் நடித்திருப்பதால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவதுகூட இயல்பாய் அமைகிறது. அஞ்சலியாக வரும் ஸரின் ஷிஹாப் குறைவாகவே பேசுகிறார். குறை ஒன்று உண்டு: ஐரோப்பியச் செய்தி வரும் நேரம் மிகவும் வசதியாக இருக்கிறது. தேர்ந்த நாடகாசிரியன் அதைக் கூட்டத்துக்கு முன்பே விதைத்திருப்பான்.

2024 ஆகஸ்டு 16இல் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாக ‘ஆட்டம்’ அறிவிக்கப்பட்டது. மூன்றே நாள் கழித்து, மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை வெளியாயிற்று. 2019 இறுதியிலேயே அரசிடம் அளிக்கப்பட்ட அறிக்கை அது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கிடப்பில் வைத்திருந்தோருக்கும் அவரவர்க்கு ஏற்ற ஐயங்கள் இருந்திருக்கும்.

இறுதியில் முகமூடியணிந்த ஒருவன் தன்னை வெளிப்படுத்த முன்வருகிறான். அஞ்சலி அவன் முகத்தைக் காண விரும்பவில்லை. துப்பறியும் கதை காண வந்தவர்க்கு இம்முடிவு ஏமாற்றந்தான். அவளுக்கோ, அந்தக் கை எவனுடையது என்பதைவிட, மற்றப் பதினொருவர் என்ன செய்தனர் என்பது முன்பே தெரிந்துவிட்டது.