காரை காணாத சுவர்கள்

ஸ்பெயின் தேசத்துக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் கிடக்கும் மயோர்க்கா தீவுக்குப் போகிற பிரயாணிகளில் பெரும்பாலோர் கோடைக்காலக் கடற்கரையோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அதன் வடமேற்கு ஓரத்தில் நீண்டு செல்லும் திராமுந்தானா மலைச்சரிவுகளில், சுண்ணாம்போ சிமெண்டோ ஒரு சிட்டிகையும் சேர்க்காமல், குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்மேல் கல்லை இசைத்து எழுப்பிய சுவர்களைப் பருவந்தோறும் பார்க்கிறவனுக்கே அத்தீவு தன் சுயரூபத்தைக் காட்டும் என்பது என் அபிப்பிராயம்.

தை மாதக் கடைசியில் வாதுமை பூக்கிறது. குளிர்காலத்தில் சோயெர் பள்ளத்தாக்கில் ஆரஞ்சு பழுக்கிறது. கோடையில் மண் வெந்துபோகிறது. சுவரின் சாமர்த்தியம் விளங்குவதோ இலையுதிர் காலத்து அடைமழையிலேதான். காரை பூசிய சுவராயின், பின்னால் தேங்கும் நீரின் பாரம் தாங்காமல் பிதுங்கிச் சாய்ந்துவிடும். இதிலோ, முகப்பில் பெருங்கற்களையும் அவற்றின் பின்னே சிறு சில்லுகளையும் 'மர்ஜேர்' என்னும் கைவினைஞர் அடுக்கியிருப்பதால், நீர் இடுக்குகளின் வழியே கசிந்தோட, மண் மட்டும் ஒலிவ மரத்துக்கென்று தங்கிவிடுகிறது. அலங்காரத்துக்காக ஒரு கல்கூட இல்லாத இந்த வேலையில்தான் எத்தனை அழகு!

யுனெஸ்கோ 2011-ல் இம்மலைப் பிரதேசத்தையும், 2018-ல் கிரீஸ், சைப்ரஸ் முதலிய நாடுகளோடு சேர்த்து இக்கலையையும் தன் பட்டியல்களில் ஏற்றியது. தீவின் தலைநகரான பால்மாவிலிருந்து சோயெருக்கு 1912 முதல் ஓடும் மரப்பெட்டி ரயில் சுகமானதுதான். எனினும் இச்சுவர்களைக் காண விரும்புகிறவர்கள் கோடையைத் தவிர்த்து, நடந்தே போங்கள்.