ஓரம் இல்லாத ஏடு

பட்டியல் என்பது மனிதர் கண்ட மிகப் பழைய எழுத்து வகைகளுள் ஒன்று. கடன் கணக்கு, வரிக் கணக்கு, பிறப்பு இறப்புக் கணக்கு என அது நம் வாழ்வெங்கும் பரவியிருக்கின்றது. ஆயினும் அதனை எவரும் முழுமையாகப் படிப்பதில்லை. வேண்டிய வரியைத் தேடி எடுத்தபின் ஏட்டை மூடிவிடுகின்றோம். இன்று வடிவமைப்புக் கல்லூரிகளில் இத்தகைய பட்டியல்களைப் படமாக்கக் கற்பிக்கின்றனர். நாள்களும் எண்களும் கோடுகளாகவும் வண்ணங்களாகவும் மாறும்போது பட்டியல் முழுவதையும் ஒரே பார்வையில் படிக்க இயலுகின்றது. படிக்க இயலும் ஒன்றைத் திறனாயவும் இயலும் என்னும் துணிவில் இதனை எழுதுகின்றேன்.

நாட்றம்பள்ளிப் பகுதியிலிருந்து வடிவமைப்புக் கல்வி பயிலச் சென்ற மாணவி ஒருவர் தம் பாடப் பயிற்சிக்கென வரைந்த படமே ஈண்டு நாம் நோக்குவது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கியவர்களின் பட்டியல் அதன் பொருள். இடமிருந்து வலமாக ஆண்டுகள் ஓடுகின்றன. ஒருவர் நிலையத்தை அடைந்த நாளில் ஒரு கோடு தொடங்கி, அவர் விடைபெற்ற நாளில் முடிகின்றது. கோட்டின் வண்ணம் அவர்தம் நாட்டைக் குறிக்கின்றது. 2000 நவம்பர் 2 அன்று வில்லியம் ஷெப்பர்ட், யூரி கிட்சென்கோ, செர்கெய் கிரிக்கலேவ் ஆகிய மூவர் அங்குக் குடிபுகுந்தனர். அன்று முதல் அவ்வீடு ஒரு நாளும் ஆளின்றி இருந்ததில்லை. கால் நூற்றாண்டில் 280-க்கும் மேற்பட்டோர் வந்து சென்றுள்ளனர். ஒரு கோடு முடியுமுன் வேறொன்று தொடங்கிவிடுவதால் படம் முழுவதும் ஒரு நார்க் கயிறுபோல் தோன்றுகின்றது.

இப்படத்தின் சிறந்த பகுதி அதன் மெலிந்த பகுதியே. 2003 மே முதல் 2006 ஜூலை வரை அங்கு நிலையாகத் தங்கியவர் இருவர் மட்டுமே. கயிறு அவ்விடத்தில் நூலாகிவிடுகின்றது. ஏன் என்று படம் சொல்லவில்லை. நம்மைக் கேட்க வைக்கின்றது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதைந்து எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. அதன்பின் ஓடங்கள் நிறுத்தப்பட்டன. நீரையும் பொருள்களையும் பெருமளவில் கொண்டுசெல்ல வழியின்றி, சிறிய ரஷ்யக் கலங்களையே நம்ப நேர்ந்ததால் தங்குவோர் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. கல்பனா சாவ்லா அந்நிலையத்திற்குச் சென்றவர் அல்லர். ஆகவே படத்தில் அவருக்குக் கோடு இல்லை. எனினும் படத்தின் மிக ஒடுங்கிய இடம் அவராலும் அவருடன் மாண்ட அறுவராலும் ஆனது. 2009 மே மாதத்தில் ஆறாகவும் 2020 நவம்பரில் ஏழாகவும் கயிறு பருத்தபின்னும் நம் கண் அந்த ஒடுக்கத்திற்கே திரும்புகின்றது. இதனை வரைந்து காட்டியமைக்காகவே மாணவியைப் பாராட்டலாம்.

மனித வாழ்வைக் கோடாக வரையும் முறை புதியதன்று. 1765-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பார் ஏறத்தாழ 2000 புகழ்பெற்ற மாந்தரின் வாழ்நாள்களைக் கோடுகளாக்கி ஒரு பெரும் படம் வெளியிட்டார். பின்னாளில் உயிர்வளியைக் கண்டறிந்தோருள் ஒருவராகப் புகழ்பெற்ற அவர், சமயப் போதகராகவும் பணியாற்றியவர். அவரது படத்தில் ஒரு நேர்மை உண்டு. பிறப்போ இறப்போ உறுதியாகத் தெரியாத இடங்களில் அவர் கோட்டை இழுக்காமல் புள்ளிகளை இட்டார். தாம் அறியாததற்கும் ஓர் அடையாளம் வைத்தார்.

இந்த அடையாளமே மாணவியின் படத்தில் இல்லை. மூன்று இடங்களில் அக்குறை புலப்படுகின்றது.

முதலாவது, வண்ணம். ஒருவருக்கு ஒரு நாடு, ஒரு நாட்டிற்கு ஒரு வண்ணம் என்பது எளிய விதி. ஆனால் முதல் மூவருள் ஒருவரான கிரிக்கலேவ், 1991 மே மாதம் மிர் நிலையத்திற்குச் சென்றபோது சோவியத் நாட்டுக் குடிமகன். 311 நாள்கள் கழித்து 1992 மார்ச்சில் இறங்கியபோது அந்த நாடே இல்லை. அத்தகைய ஒருவரை ஒரே வண்ணத்தில் அடைப்பது எங்ஙனம்?

இரண்டாவது, நீளம். 2024 ஜூன் மாதம் சுனிதா வில்லியம்ஸ் சற்றேறக்குறைய எட்டு நாள் பயணமாகத் திட்டமிட்டுச் சென்றார். சென்ற கலத்தின் கோளாற்றால் 286 நாள்கள் கழித்து 2025 மார்ச்சில் திரும்பினார். படத்தில் அது நீண்ட கோடு, அவ்வளவே. நீண்ட காலம் தங்கவென்றே சென்றவருக்கும் காத்திருக்க நேர்ந்தவருக்கும் அங்கு வேறுபாடில்லை. திட்டமிட்ட நாள்களை முழுக்கோடாகவும் எஞ்சியவற்றைப் புள்ளிக்கோடாகவும் வரைந்திருந்தால், காத்திருத்தல் என்னும் மனித அனுபவம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதே படத்தில் இந்தியாவின் வண்ணத்தில் ஒரே ஒரு கோடு உண்டு. 2025 ஜூன், ஜூலை மாதங்களில் 18 நாள்கள் அங்குத் தங்கிய சுபான்ஷு சுக்லாவின் கோடு அது. அளவில் அது ஒரு கீற்று. நம் கண் அதனைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்கின்றது. அம்மகிழ்ச்சியை எந்த அளவுகோலும் காட்டாது.

மூன்றாவது, கோட்டின் உள்ளே நிகழ்ந்தவை. மேற்சொன்ன ஒடுங்கிய பகுதியில், 2003 ஆகஸ்ட் 10 அன்று, யூரி மலென்சென்கோ நிலையத்திலிருந்தவாறே, டெக்சாஸில் இருந்த மணமகளை மணந்தார். இத்தாலியரான பாவ்லோ நெஸ்போலி 2010 டிசம்பர் முதல் 2011 மே வரை அங்கிருந்தார். அந்நாள்களிலேயே அவருடைய தாயார் காலமானார். அடக்கத்திற்கு வர வழியில்லை. 2011 மே 21 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் நிலையத்தில் இருந்தவர்களுடன் உரையாடியபோது நெஸ்போலியின் துயரை நினைவுகூர்ந்து ஆறுதல் மொழிந்தார். படத்தில் நெஸ்போலியின் கோடு ஓரிடத்திலும் நடுங்கவில்லை, நேராகவே செல்கின்றது.

எல்லாவற்றையும் ஒரு படம் காட்டவேண்டும் என்று கேட்பது முறையன்று. எதையேனும் விட்டால்தான் படம். ஆனால் விடுபட்டதற்கு இடம் வைக்கும் வழியொன்று உண்டு. பங்குப் பதிவேடுகளைக் கையாள்வோர் அதனை அறிவர். திருமுழுக்குப் பதிவேட்டில் செல்வர், ஏழை என்ற வேறுபாடின்றி எல்லார்க்கும் ஒரே அளவான வரிதான். பெயர், நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அருகில் ஓரம் விடப்பட்டிருக்கும். அக்குழந்தை பிற்காலத்தில் திருமணம் புரிந்தாலோ குருவானாலோ, எவ்வூரில் அது நிகழ்ந்தாலும், செய்தி வந்து அந்த ஓரத்தில் எழுதப்படவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். எழுதியவர் மறைந்த பின்னும் அந்த ஏடு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. மாணவியின் படம் விளிம்புவரை நிரம்பியிருக்கின்றது. அழகுதான், ஆனால் ஓரம் இல்லாத ஏடு.

இக்கலை நம் மண்ணுக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தை நோக்கியவண்ணம் இருக்கின்றது. வானம் நமக்கு அயலானது அன்று. அதே மலையடியில், விடியுமுன் பேருந்தேறி வாணியம்பாடி, ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்கள் இருக்கின்றனர். அவர்கள் வந்த நாளும் நின்ற நாளும் வருகைப் பதிவேட்டில் வரிகளாக உள்ளன. ஏன் வந்தனர், ஏன் நின்றனர் என்பது அங்கு இல்லை. திருமணமா, மகப்பேறா, நோயா, ஆலை மூடலா? அக்கோடுகளை வரைந்தால் எந்த ஆண்டில் கயிறு மெலிந்தது, எவர் இல்லாமையால் மெலிந்தது என்பது தெரியவரும். விண்வெளி வீரர்களின் வரலாற்றை எழுதப் பலர் உளர். இப்பெண்களின் கோடுகளை வரையக்கூடிய கை, இத்தொழிலின் மொழியறிந்த நம் ஊர்க் கைதான்.

மாணவியின் கை தேர்ந்த கை. முதல் படத்திலேயே ஓர் இல்லாமையை வரையத் தெரிந்த கை. அடுத்த தாளை அவர் எடுக்கும்போது நான்கு விரற்கடை ஓரம் விட்டுத் தொடங்குவாராக.